மருத்துவ ஆய்வுத் தரவுக்கு ரெட்கேப்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிய வந்தவை

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் உருவான ரெட்கேப், ஆய்வுத் தரவை இணையப் படிவங்கள் வழியே சேகரித்துச் சேமிக்கும் மென்பொருள். இது லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். நோயாளிகளின் பெயரோடு எக்செல் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும் குழுக்கள் தயங்காமல் இதற்கு மாற வேண்டும். யார், எப்போது, எந்த மதிப்பை மாற்றினார் என்பது தானாகப் பதிவாவது ஒன்றே போதுமான காரணம்.

முதலில் கவனிக்க வேண்டியது டேட்டா ஆக்சஸ் குரூப், அதாவது யார் எந்தத் தரவைப் பார்க்கலாம் என்று பயனர்களைப் பிரிக்கும் குழு. பல மருத்துவமனைகள் சேரும் ஆய்வில் ஒவ்வொரு மையமும் தன் நோயாளிகளை மட்டும் பார்க்க இதுதான் வழி. ஆனால் எந்தக் குரூப்பிலும் சேர்க்கப்படாத பயனருக்கு எல்லா மையங்களின் ரெக்கார்டும் தெரியும். புதிதாக வரும் டேட்டா என்ட்ரி ஊழியருக்கு அவசரத்தில் கணக்குத் திறக்கும்போது இந்தப் படிதான் விட்டுப்போகும். ஆகவே மாதம் ஒருமுறை பயனர் பட்டியலைத் திறந்து, குரூப் காலியாக இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்.

அடுத்தது எக்ஸ்போர்ட் உரிமை, அதாவது தரவைக் கோப்பாக வெளியே எடுக்கும் உரிமை. பெயர், தொலைபேசி எண், மருத்துவமனை எண் ஆகிய புலங்களை ஐடென்டிஃபையர் (ஆளை அடையாளம் காட்டுவது) என்று குறித்தால்தான், அவற்றை நீக்கி எக்ஸ்போர்ட் செய்யும் வசதி வேலை செய்யும். குறிப்புப் பெட்டியில் யாராவது 'மகன் எண்ணுக்குக் கூப்பிடவும்' என்று எண்ணோடு எழுதியிருந்தால், ஐடென்டிஃபையர்களை மட்டும் நீக்கும் எக்ஸ்போர்ட்டில் அது அப்படியே வெளியே போகும். புள்ளியியலாளருக்கு 'டி-ஐடென்டிஃபைடு' உரிமையே சரி. அதில் குறிப்புப் பெட்டிகளும் தேதிகளும் சேர்ந்தே நீங்கிவிடும். நாள் இடைவெளி தேவைப்பட்டால் வருகைகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிடும் புலத்தை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். மருத்துவமனை எண்ணை ரெக்கார்டு ஐடியாக, அதாவது ஒவ்வொரு நோயாளியின் ரெக்கார்டுக்கும் தரும் எண்ணாக, வைக்கவே கூடாது.

படிவ வடிவமைப்பில் அதிகம் சேதம் செய்வது குறியீட்டு எண்களை மாற்றுவது. புகைப்பழக்கத்துக்கு 1 இல்லை, 2 உண்டு என்று தொடங்கி, பாதி ஆய்வில் நடுவே 'முன்பு உண்டு' என்பதைச் சேர்த்து அதற்கு 2, 'உண்டு' என்பதற்கு 3 என்று எண்ணை நகர்த்தினால், பழைய புகைப்பவர்கள் எல்லோரும் பழக்கத்தை விட்டவர்களாகிவிடுவார்கள். டேட்டாபேஸில் இருப்பது எண் மட்டும்தான். புது விடைக்கு 3 கொடுத்து, திரையில் நடுவில் காட்டினால் போதும்.

குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பை நம்பிவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 11.2-க்குப் பதில் 112 என்று அடித்தால் எச்சரிக்கை வரும். ஆனாலும் சேமிக்க முடியும். டேட்டா குவாலிட்டி பகுதியில் உள்ள விதிகளை வாரம் ஒருமுறை ஓட்டினால் இவை பிடிபடும். வயதை இன்றைய தேதியை வைத்துக் கணக்கிட வேண்டாம். படிவத்தை மறுபடி சேமிக்கும்போது மாறும். வருகைத் தேதியை வையுங்கள்.

படிவங்களின் எல்லாப் புலங்களையும் பட்டியலிடும், தமிழ்க் கேள்விகள் உள்ள டேட்டா டிக்‌ஷனரியை எக்செல்லில் திறந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும். லிப்ரே ஆஃபீஸில் தமிழ் எழுத்துகளைக் காக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையைத் தேர்வு செய்து சேமிப்பது நல்லது.

பேக்கப் எடுப்பவர்கள் பெரும்பாலும் டேட்டாபேஸை மட்டும் எடுக்கிறார்கள். பதிவேற்றிய ஒப்புதல் படிவங்கள் தனிக் கோப்புறையில் கிடக்கும். அதையும் எடுக்க வேண்டும், அதை வெப் ரூட்டுக்கு (இணையத்தில் நேரடியாகத் திறக்கக்கூடிய கோப்புறைக்கு) வெளியே வைக்கவும் வேண்டும். இரண்டையும் வேறொரு சர்வரில் மீட்டுப் பார்க்காத வரை அதைப் பேக்கப் என்று நம்ப முடியாது.

ஸ்கேன் படங்களுக்கும் ஐசியு மானிட்டரின் தொடர் பதிவுகளுக்கும் இது ஏற்றதல்ல. ஒவ்வொரு மதிப்பும் தனி வரிசையாகச் சேமிக்கப்படுவதால் திணறும். அவற்றை வேறிடத்தில் வைத்து, நோயாளியின் ஆய்வு எண்ணை மட்டும் இங்கே பதியுங்கள்.