ஊர்க்கதைக்கு ஒரு தனி அறை: டீம்-பிஎச்பி சமூகம் பற்றி ஒரு மதிப்புரை

ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்திக்கொள்வதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, அதன் மறைமலைநகர் ஆலையில் பிறந்த ஈகோஸ்போர்ட் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் மூன்று வயதுப் பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது. உதிரிபாகங்கள் இனிக் கிடைக்குமா, சர்வீஸுக்கு எங்கே போவது என்ற கவலையில், அதே வண்டி வைத்திருப்பவர்கள் நடத்திய ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். என் கேள்வி ஒன்றுதான். அந்த மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. நிறுவனம் குறித்துக் கொடுத்த தரத்திலிருந்து விலகிய ஆயிலை ஊற்றினால் பெல்ட்டின் ரப்பர் ஊறிச் சிதையலாம், அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கலாம் என்று படித்திருந்தேன். யாராவது பெல்ட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா, எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். சூரிய உதயப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வந்தது. ஓர் உறுப்பினருடைய மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது வாழ்த்துகள் வந்தன. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி என்று ஓர் அருள்வாக்கு வந்தது. இந்த வண்டியை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேலி செய்ய, அவர் புதிதாக வாங்கிய காரை இன்னொருவர் 'தகர டப்பா' என்று சொல்ல, சண்டை மூண்டது. மறுநாள் காலையில் என் கேள்வி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே திரையை வெகுநேரம் தள்ள வேண்டியிருந்தது.

விடையைத் தேடிப் போன வழியில்தான் டீம்-பிஎச்பியை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். 2004இல் தொடங்கிய இந்த இந்தியக் கார் ஆர்வலர் இணையச் சமூகத்தின் பெயரை, கார் வாங்க நினைத்தவர்களில் பலர் ஒருமுறையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் கார் மதிப்புரைகளின் தரம் பற்றிச் சொல்ல நான் தேவையில்லை. முன்பின் அறியாதவர்கள், பெரும்பாலும் புனைபெயரில், தங்கள் மனத்துக்கு மிக நெருங்கிய ஒரு பொருளைப் பற்றிக் கூடிப் பேசும்போது, அந்தப் பேச்சு தடம் மாறாமலும் தரம் கெடாமலும் இருக்க இந்தச் சமூகம் என்ன செய்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதையே இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

முதலில் வாசல். படிப்பதற்கும் சேர்வதற்கும் கட்டணம் இல்லை என்றாலும், சேர வேண்டுமானால் உங்களைப் பற்றியும் உங்கள் கார் ஆர்வத்தைப் பற்றியும் விண்ணப்பம் எழுத வேண்டும்; அதை நெறியாளர்கள் படித்துப் பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். பெண் பார்க்கப் போகிற அளவுக்கு இது என்ன விசாரணை என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் வாசலில் சற்றுக் காத்திருந்து உள்ளே வந்தவர் எதையும் வாரி இறைப்பதில்லை என்பதைப் பின்னர் கண்டேன். புதிதாகத் தொடங்கப்படும் கட்டுரைகள் நேராகப் பொதுப் பார்வைக்கு வருவதில்லை. கார் ஆலையைப் போலவே அங்கும் 'அசெம்பிளி லைன்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் எழுதி முடித்ததை நெறியாளர் பார்வையிட்டு, உரிய பிரிவுக்கு நகர்த்தி, பகிர்ந்ததற்கு ஒரு வரியில் நன்றி சொல்கிறார். அடுத்தடுத்துத் துண்டு துண்டாக எழுதக் கூடாது, முன்பு எழுதியதையே திருத்திச் சேர்க்க வேண்டும். நீண்ட பதிவை முழுவதுமாக மேற்கோள் காட்டி அடியில் 'அருமை' என்று ஒரு சொல் எழுதக் கூடாது, அதற்கு நன்றி தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது. குறுஞ்செய்தி மொழி கூடாது. விதியை மீறினால் எச்சரிக்கை, தொடர்ந்து மீறினால் வெளியேற்றம்.

இவை பள்ளிக்கூடத்துக் கண்டிப்பு போலத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய பராமரிப்புக் குறிப்பை இன்று தேடி எடுத்துப் பத்து நிமிடத்தில் படித்து முடிக்க முடிகிறதென்றால், அதன் நடுவே நாற்பது பிறந்தநாள் வாழ்த்துகள் இல்லாததுதான் காரணம். டைமிங் பெல்ட் பற்றிய என் ஐயமும் அப்படித்தான் தீர்ந்தது. எந்தத் தர எண் கொண்ட ஆயிலை ஊற்ற வேண்டும், ஏன் அதை மாற்றக் கூடாது என்பதை வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்படி உரிமையாளர்கள் பொறுமையாக எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது; ஆனால் அது ஆயிலைப் பற்றியதாகவே கடைசி வரை இருந்தது.

கார்ப் பேச்சு ஏன் இவ்வளவு விரைவில் வசைப் பேச்சாக மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் செய்யும் பெரிய செலவு கார்தான்; ஏழாண்டு தவணை கட்டி வாங்கிய வண்டியைக் குறை சொல்வது, வாங்கியவரின் புத்தியையே குறை சொல்வதாகக் காதில் விழுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால், தவணை முடியாத குஞ்சு வைரக் குஞ்சு. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்து, பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் சுழியம் கொடுத்தது. அதே அமைப்பிடம் 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதற்கு முன் மைலேஜையும் மறுவிற்பனை விலையையும் வைத்துச் சண்டை போட்டவர்கள், அதன்பின் நட்சத்திரத்தை வைத்துச் சண்டை போடத் தொடங்கினார்கள். எங்காவது ஒரு விபத்துப் படம் வெளிவந்தால் போதும், அடிபட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன் எந்த நிறுவனத்தின் தகடு எவ்வளவு கனம் என்ற வாதம் கிளம்பிவிடுகிறது.

டீம்-பிஎச்பி இந்தச் சண்டையை ஒழித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கும் ரசிகர் படைகள் உண்டு. நயமான ஆங்கிலத்தில் ஊசி குத்துவதில் சிலர் விற்பன்னர்கள். ஆனால் ஆளைத் தாக்காமல் கருத்தை மறு என்ற விதி அங்கே ஏட்டில் மட்டும் இல்லை. அங்கு வெளியாகும் அதிகாரபூர்வ மதிப்புரைகளின் அமைப்பே இதற்குத் துணை செய்கிறது: எந்தக் காரானாலும் பிடிக்கக்கூடியவை இவை, பிடிக்காமல் போகக்கூடியவை இவை என்று இரண்டு பட்டியலோடுதான் தொடங்கும். தன் செல்ல வண்டிக்கும் குறைப் பட்டியல் ஒன்று உண்டு என்பதை வாசகர் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்.

அடுத்தது, காரைத் தாண்டிய பேச்சு. மனிதர் நாலு பேர் கூடினால் ஊர்க்கதை பேசாமல் இருக்க முடியாது. அதைத் தடுக்கப் பார்த்த குழுக்கள் ஆளில்லாமல் போனதை நான் கண்டிருக்கிறேன், கட்டவிழ்த்து விட்ட குழுக்கள் சந்தைக்கடையானதையும் கண்டிருக்கிறேன். இங்கே 'ஷிஃப்டிங் கியர்ஸ்' என்ற பெயரில் அதற்கென்றே ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கைக்கடிகாரம், தொலைக்காட்சிப் பெட்டி, வேலை மாற்றம், உடல்நலம் என்று எதைப் பற்றியும் அங்கே பேசலாம். கிளட்ச் பற்றிய பேச்சில் மருத்துவக் காப்பீடு நுழைந்தால் நெறியாளர் அதட்டுவதற்குப் பதிலாக, அந்த அறை அங்கே இருக்கிறது என்று கை காட்டிவிடுகிறார். திண்ணையும் அடுக்களையும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடுதான் என் கணக்கில் இந்தச் சமூகத்தின் மிகச் சிறந்த அம்சம். எஞ்சினைப் பற்றி எழுதும்போது சிடுசிடுக்கும் ஒருவர், தொலைக்காட்சிப் பெட்டி தேடும் முதியவருக்குப் பத்தி பத்தியாக ஆலோசனை சொல்வதை அங்கே படித்த பிறகு, அவருடைய சிடுசிடுப்பு எனக்கு முன்போல உறுத்துவதில்லை.

அரசியலும் மதமும் அந்தத் திண்ணையிலும் கூடாது. இதன் நியாயம் புரிகிறது. ஆனால் கார்ப் பேச்சில் எல்லைக் கல்லை எங்கே நடுவது? எத்தனால் 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் கொள்ளளவுக்குக் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது வேதியியல். ஆகவே மைலேஜ் ஓரளவு குறையும் என்பது கணக்கு. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் தாங்குமா என்பது பொறியியல். கலக்காத பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு ஏன் இல்லை என்று கேட்டவுடன் அது அரசியல். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் டெல்லியில் விதிக்கப்பட்ட தடை, சுங்கச்சாவடிக் கட்டணம், சாலை வரி என எதைத் தொட்டாலும் இதே கதைதான். விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் உரிமையாளரைச் சுடுகிற கேள்விகளை அரைகுறையாகவே கேட்க வேண்டியிருக்கும். அரைகுறைக் கேள்விக்குக் கிடைக்கும் மரியாதையான விடையை என்ன செய்வது?

இதைவிடப் பெரிய குறை மொழி. பிழையற்ற ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. பல மாநிலத்தவர் கூடும் இடத்துக்குப் பொதுமொழி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நல்ல இலக்கணமே நல்ல நடத்தை என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஐடிலில் வரும் அதிர்வைக் கேட்டே எஞ்சின் மவுண்ட் போய்விட்டதா, இக்னிஷன் காயிலா என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளரை ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. அவர் அந்த வாசலில் விண்ணப்பம் எழுத மாட்டார். வண்டியைக் கழற்றிப் பூட்டுகிற கைகளின் அறிவு, வண்டி வைத்திருப்பவர்கள் வழியாகக் கேள்வி ஞானமாக மட்டுமே அங்கே போய்ச் சேர்கிறது. தமிழில் இதே ஒழுங்கோடு ஒரு களம் இருந்தால் அவர் எழுதுவார். குறைந்தது, குரலில் சொல்லி எழுத வைப்பார்.

இன்னொரு சிறு குறை, சிரிப்புப் பஞ்சம். கண்ணியம் காத்துக் காத்துச் சில பக்கங்கள் வங்கி அறிக்கை போல ஆகிவிட்டன.

கார் வாங்கப் போகிறவரும், வாங்கிய காரைப் பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவரும் டீம்-பிஎச்பியைத் தாராளமாக நம்பிப் படிக்கலாம். ஆங்கிலம் எழுத வருமானால் விண்ணப்பமும் எழுதலாம். உடனடி விடை வேண்டுபவருக்கும், பேச்சுத் துணை தேடுபவருக்கும் அது ஒத்துவராது. அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்றுவரை நான் விலகாததற்கும் காரணம் உண்டு. ஓரிரவு பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டைக்கு அருகே டயர் பஞ்சரானது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியிலும் காற்றில்லை, அதைப் பார்த்து வைக்காதது என் தவறு. குழுவில் ஒரு வரி எழுதினேன். விழுப்புரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு, காற்றடிக்கும் கருவியோடு ஒருவர் வந்து சேர்ந்தார்: மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது வாழ்த்து வாங்கிய அதே மனிதர். காற்று ஏறிக்கொண்டிருந்தபோது, "அந்த பெல்ட் விஷயம் என்ன ஆச்சு சார், யாருமே பதில் சொல்லலையே" என்று கேட்டார். குறித்த தர ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாதாம் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கெட்டியான ஆயில் ஊற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது.