வீட்டு பீருக்கு மார்கரீட்டாவா, ஓல்ட் ஃபேஷன்டா?

மார்கரீட்டா, ஓல்ட் ஃபேஷன்ட் என்ற இரண்டு காக்டெயில்களின் சுவையையும் வீட்டில் பீராகக் காய்ச்சிப் பார்த்திருக்கிறேன். முதல்முறை காய்ச்சுபவர் கேட்டால் தயங்காமல் மார்கரீட்டா என்பேன். அதன் சுவைக்கு ஏற்ற பீர் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் காரணம்.

மார்கரீட்டாவின் உயிர் எலுமிச்சைப் புளிப்பும் கோப்பை விளிம்பில் ஒட்டிய உப்பும். ஜெர்மனியில் கோஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் பெயர் வாங்கிய 'கோஸே' என்ற கோதுமை பீரில் இந்த இரண்டும் உண்டு, கூடவே கொத்தமல்லி விதையும். வோர்ட்டை, அதாவது மால்ட்டிலிருந்து (முளைகட்டிய தானியம்) வடித்த இனிப்பு நீரை, கொதிக்கவைத்து, 35 டிகிரிக்கு ஆற்றி, புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசிலஸ் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஒன்றிரண்டு நாளில் புளிப்பைக் காட்டும் பிஹெச் 3.3 பக்கம் இறங்கிவிடும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அதுவரை பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்கள் கூடவே கூடாது, அந்த பாக்டீரியாவை அது முடக்கிவிடும். அப்புறம் மறுபடி கொதிக்கவிட்டு, 20 லிட்டருக்கு 12 கிராம் உப்பு, இடித்த கொத்தமல்லி விதை, ஆறியதும் ஈஸ்ட்.

எலுமிச்சைத் தோலை நொதித்து முடிந்த பிறகே போட வேண்டும். முதல்முறை நான் பன்னிரண்டு பழங்களின் தோலை வெள்ளைச் சதையோடு சீவி ஒரு வாரம் ஊறவிட்டேன். மூடியைத் திறந்தால் தரை துடைக்கும் திரவத்தின் வாடை, நாக்கில் கசப்பு. அடுத்த முறை நான்கு பழங்கள், மேல்பச்சை மட்டும், மூன்று நாள். அந்த பீர் மணந்தது! மார்கரீட்டாவின் அடிப்படை மதுவான டெக்கீலாவின் வாசம் மட்டும் வராது. டெக்கீலா செய்யும் நீலக்கற்றாழையின் பாகு சேர்த்தாலும் அதில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும்.

பர்பன் விஸ்கியில் சர்க்கரையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் கலந்த ஓல்ட் ஃபேஷன்டில் சிக்கலே இந்த இனிப்புதான். கோப்பையில் கரைத்த சர்க்கரை இனிக்கும், பீரில் போட்ட சர்க்கரையோ ஆல்கஹாலாகிவிடும். அதனால் இனிப்பை மால்ட்டிலிருந்தே எடுக்க வேண்டும்: கேரமல் சுவையுள்ள கிரிஸ்டல் மால்ட் சேர்த்து, மாஷை (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவை) 68 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சும். பிட்டர்ஸின் வேலையை ஹாப்ஸின் கசப்பு பார்த்துக்கொள்ளும், வாசனை ஹாப்ஸ் தேவையில்லை. நொதிக்கும் முன் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் ஆரம்ப அடர்த்தி 1.080, ஆல்கஹால் 8 சதவீதம் பக்கம் என்று திட்டமிடுங்கள். இரண்டு வாரம் பர்பனில் ஊறிய ஓக் துண்டுகள் 40 கிராம், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். வாரம் ஒருமுறை ருசி பாருங்கள், ஓக் மிஞ்சினால் கட்டையைக் கடித்த மாதிரி இருக்கும். சரியாக வந்தால் வெனிலா, கேரமல், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக மேலே வரும். ஆழத்தில் கோஸே இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் பாட்டிலில் மூன்று மாதமாவது கிடக்க வேண்டும்.

ஜின் டானிக் பற்றியும் கேட்கிறார்கள். ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் பீருக்குப் புதிதல்ல, ஃபின்லாந்தின் பாரம்பரிய பீரான சாஹ்தியை ஜூனிப்பர் கிளைகள் வழியாகவே வடிப்பார்கள். ஆனால் டானிக்கின் கசப்புக்காக சின்கோனா பட்டையைத் தொடாதீர்கள். அதிலிருந்து அந்தக் கசப்பைத் தரும் குயினைன் எவ்வளவு இறங்குகிறது என்று வீட்டில் அளக்க முடியாது. அளவு மீறினால் காதில் இரைச்சல், வாந்தி வரும்.

நொதிகலன் இரண்டு இருந்தால் ஓல்ட் ஃபேஷன்டை முதலில் காய்ச்சிவிடுங்கள். அது பாட்டிலில் பழுக்கிற மூன்று மாதத்துக்குள் கோஸேயை இரண்டு முறை காய்ச்சிக் குடித்துவிடலாம்.