எட்டா, ஆறா? சண்டை முடிந்த பிறகு பாருங்கள்

மனிதர்களின் சுபாவத்தை ஒன்பது வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு எண் கொடுக்கும் முறை என்னியாகிராம். அந்த ஒன்பது எண்களில் என்னை அதிகம் குழப்பிய ஜோடி ஆறும் எட்டும்தான். (நியூமராலஜி இல்லை. பிறந்த தேதிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.)

ஆறு என்றால் பாதுகாப்பு தேடுகிற, சந்தேகப்படுகிற ஆள். எட்டு என்றால் யாருக்கும் அடங்காத ஆள். இதில் எங்கே குழப்பம் என்று தோன்றும். ஆனால் ஆறில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பயத்தைக் கண்டால் ஒதுங்கும். இன்னொன்று பயம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே பாயும். இதற்கு 'கவுண்டர்ஃபோபிக்' ஆறு என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் எட்டு மாதிரியே இருக்கும். "தட்டிக் கேட்பீர்களா?" என்று ஆன்லைன் டெஸ்ட் கேட்டால் இரண்டு பேரும் 'ஆம்' போடுவார்கள். நானும் போட்டேன், மூன்று வருடம் என்னை எட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தெளிந்தது ஒரு வாடகை வீட்டு அட்வான்ஸ் தகராறில். காலி செய்தபோது, பெயின்டிங் செலவு என்று ஓனர் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நானும் அக்காவும் போனோம். முந்தின ராத்திரி நான் நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தேன்: அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படி. சுவர் போட்டோ, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ரெடி. அக்கா கையை வீசிக்கொண்டு வந்தாள். "முழுசா குடுத்துடுங்க" என்றாள், அவ்வளவுதான், பிறகு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியது நான்.

திரும்பி வரும் ஆட்டோவில் அவள் பரோட்டா எங்கே நல்லா இருக்கும் என்று கேட்டாள். எனக்கோ, அதிகமா பேசிட்டோமோ, ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாரோ என்று ராத்திரி இரண்டு மணி வரை ஓடியது.

என்னியாகிராம் ஒன்பது எண்களையும் உடல், இதயம், தலை என்று மூன்று மையங்களாகப் பிரிக்கிறது. எட்டு ஒன்பதோடும் ஒன்றோடும் உடல் மையத்தில் சேர்வது, அடியில் இருப்பது கோபம். ஆறு ஐந்தோடும் ஏழோடும் தலை மையம், அடியில் பயம். சிலியின் அரிகாவில் ஆஸ்கார் இச்சாசோ என்கிற ஆன்மீக ஆசிரியர் கற்பித்த இந்த முறையை, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோ உளவியல் பாஷையில் விரித்தார். ஆறுக்கு அவர் வைத்த ஆதார உணர்ச்சியே பயம்தான். இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நிரூபணமான அறிவியல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

அதிகாரத்திடம் நடந்துகொள்வதிலும் வித்தியாசம் தெரியும். எட்டுக்கு மேலதிகாரி ஒரு பொருட்டே இல்லை, தன் வழியில் குறுக்கே வராதவரை. ஆறு அவரைச் சோதித்துக்கொண்டே இருக்கும்: இந்த ஆளை நம்பலாமா? மோதுவதுகூட அந்தச் சோதனைதான். பாஸாகிவிட்டால் அதே ஆளுக்காக ஊரோடு சண்டை போடும்.

அழுத்தம் வந்தால் எட்டு, ஒதுங்கி யோசிக்கிற ஐந்தின் பக்கம் போகும், ஆறு, வெற்றியைத் துரத்துகிற மூன்றின் பக்கம் போகும் என்று என்னியாகிராம் படத்தில் போடுகிற அம்புக்குறி கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தேடினால் யாரிடமும் எதுவும் கிடைக்கும். இன்னொரு சிக்கல், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற, உற்சாகம் தேடுகிற ஏழு. இரண்டு பேருக்கும் ஏழின் சாயல் இருந்துவிட்டால் கலகலப்பும் துணிச்சலும் ஒன்றுபோலவே தெரியும். அப்போது சண்டைக்கு முந்தின ராத்திரியையும் பிந்தின ராத்திரியையும் விசாரிப்பதுதான் வழி.

இதையெல்லாம் விளக்கி, நீ எட்டு, நான் ஆறு என்று அக்காவிடம் சொன்னேன். "சரி, அட்வான்ஸ் முழுசா வந்துச்சா?" என்றாள். வந்திருந்தது. ஆனாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்களை நான் இன்னும் டெலிட் செய்யவில்லை.