பெரிய குழுவா, மூவர் கூட்டா? சுகாதார மொழிபெயர்ப்பாளர்களைத் தக்கவைத்தல்

வன்னியில் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களைச் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழாக்க ஆள் பிடிப்பது கடினமில்லை. கம்பஸ் பிள்ளைகள், ஆசிரியர்கள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருப்பவர்கள் என்று கேட்டால் வருவார்கள். மூன்றாம் மாதமும் அவர்களை வைத்திருப்பதுதான் பெரும்பாடு. வழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று: வாட்ஸ்அப்பில் பெரிய குழு, பக்கத்துக்கு இவ்வளவென்று காசு, மூன்று பேர் கொண்ட சிறு கூட்டு. நாங்கள் கடைசி வழியைத்தான் பிடித்திருக்கிறோம்.

காசு கொடுத்தால் வேலை சொன்ன நாளுக்கு முடியும். நிதி முடிகிற அன்றைக்கு ஆளும் போய்விடும். சான்றிதழ் கொடுத்துப் பிடிப்பதும் அப்படித்தான்.

பெரிய குழுவில் 40 பேர் இருந்தால், வேறு யாராவது செய்வார்கள் என்று 40 பேரும் பார்த்திருப்பார்கள். அதைவிட மோசம், பத்துப் பக்கம் ஒரே இரவில் வந்து விழுந்து, சரிபார்ப்பவரிடம் இரண்டு மாதம் கிடப்பது. மினக்கெட்டுச் செய்தவருக்கு அது அச்சானதா குப்பைக்குப் போனதா என்றே தெரியாது. நல்லாகச் செய்கிறவர்தான் முதலில் விலகுவார், அதுவும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: கொடுத்த பக்கம் எத்தனை நாளில், எப்படித் திரும்பி வருகிறது? 7 நாளைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மூவர் கூட்டில் ஒருவர் மொழிபெயர்ப்பார். தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ மருத்துவப் பிழை பார்ப்பார். மூன்றாமவர் அதைக் கிளினிக்கில் காத்திருக்கும் நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்துக் கேட்பார். அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டு 300 சொல்லுக்குள், ஒருவருக்கு மாதம் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம்.

கேட்கிற விதம் முக்கியம். “விளங்கினதோ?” என்றால் எல்லோரும் ஓமென்றுதான் சொல்வார்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் “6 மணிக்கு ஒருதரம்” என்று எழுதிய பக்கத்தைக் கொடுத்து, “அம்மா, இதின்படி குளிசை எப்பெப்ப போடுவியள்?” என்று கேளுங்கள்.

“காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும்.”

நாலு வேளை மருந்து இரண்டாகிவிட்டது. “6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை: காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12” என்று மாற்றி, அந்த அம்மாவின் பதிலையும் அப்படியே எழுதி மொழிபெயர்த்தவருக்கு அனுப்ப வேண்டும். “திருத்தியாயிற்று, நன்றி” என்ற ஒரு வரி ஆளைப் பிடித்து வைக்காது; இந்தப் பதில் பிடித்து வைக்கும். அடுத்த பக்கத்தில் அவரே மணியை விரித்து எழுதி அனுப்புவார்.

சொற்சண்டையிலும் ஆட்கள் களைத்துப் போவார்கள். அரச தாளில் குருதி அமுக்கம், கணினி தருவது இரத்த அழுத்தம், கிளினிக்கில் பேசுவது பிரஷர். ஒருமுறை முடிவெடுத்துப் பட்டியலில் எழுதிவிடுங்கள்: முதல் தடவை “குருதி அமுக்கம் (பிரஷர்)”, பிறகு பிரஷர் மட்டும். நீரிழிவுக்குப் பக்கத்தில் சீனி வருத்தம் வேண்டும். வயிற்றுப்போக்கு அல்ல, வயிற்றோட்டம்.

அச்சகத்திலும் ஒரு கண் வைக்க வேண்டும். பல இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான்; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பழைய எழுத்துரு அது. மில்லிகிராமை mg என்று ஆங்கிலச் சுருக்கத்தில் விட்டால், பாமினியில் அது “அப” என்று மாறி நிற்கும். 500க்குப் பின்னால் “அப” என்றிருக்கிற தாளை யாருக்குக் கொடுப்பது? மில்லிகிராம் என்று முழுதாகத் தமிழில் எழுதுங்கள். மாதிரித் தாளை மொழிபெயர்த்தவரும் பார்க்கட்டும்.

மூவர் கூட்டின் பலவீனம் சரிபார்ப்பவர். அவருக்கு வேலை கூடினால் எல்லாம் நிற்கும், அதனால் இரண்டு கூட்டுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆள் வேண்டும். இந்த வழி ஓரிரு பக்கத் தாள்களுக்கு நன்றாக ஓடுகிறது. 50 பக்கக் கைநூலுக்கும் ஓடுமென்று அடித்துச் சொல்லமாட்டோம்.

காலமும் பார்க்க வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல் தாள்கள் தேவைப்படுகிற மழைநாளில்தான் பெரும்போக வேலையும் வரும், பாதிப்பேர் வயலில் நிற்பார்கள். அவற்றை ஆடி, ஆவணியிலேயே முடித்துவிட்டால், ஐப்பசியில் அவர்களிடம் கேட்க ஒன்றும் இராது. கிளினிக் சுவரில் ஒட்டிய தாளைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பினால் போதும்.