துப்பாக்கி வாங்கப் போய் கிரில் கதவு வாங்கி வந்தேன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் 22 வருடமாக நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டை ஒட்டிய கராஜில் ஒரு மேஜை, ஊதுகுழல், கம்பி இழுக்கிற பலகை. வருவதெல்லாம் அறுந்த தாலிக்கொடி, கல் விழுந்த மூக்குத்தி. ஆனால் ‘தங்க வேலை செய்கிற ஆள்’ என்று பெயர் வந்துவிட்டால் போதும், ராத்திரி நாய் குரைத்தாலும் வயிறு கலங்கும். போன வருடம் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி நாலு பேர் புகுந்து, வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளே பிஸ்டல் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இந்த நாட்டில் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்துவர முடியாது. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வயது 21 ஆகியிருக்க வேண்டும், குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். முதலில் பயிற்சி, பிறகு போலீஸ் நிலையத்தில் தகுதிச் சான்றிதழ், அதற்கும் பிறகுதான் லைசென்ஸ். தற்காப்புக்கு என்று கேட்டால் ஒரே ஒரு துப்பாக்கி, அதற்கு 200 தோட்டா வரை, ஐந்து வருட லைசென்ஸ். ஆக, பயிற்சி என்பது நானாகத் தேடிப்போனதில்லை. படிவத்தில் ஒரு முத்திரை வேண்டும், அதற்குத்தான் போனேன்.

பைன்டவுன் பக்கம் ஓர் இடம். குறையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். அங்கே நான் இரண்டு வகுப்பு எடுத்தேன், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலாவது, சட்டம் கேட்கிற கட்டாயப் பயிற்சி. ஒரு நாள், 1,800 ராண்ட், பதினாலு பேர். காலையில் சட்டப் பாடம். அப்புறம் கைத்துப்பாக்கி. சட்டத்தைத் திரையில் ஓடவிட்டு வாசித்தார்கள். ‘இது தேர்வில் வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அவர்களே சொன்னபோது எனக்குப் பள்ளிக்கூட டியூஷன் ஞாபகம் வந்தது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஆளுக்கு முப்பது சொச்சம் தோட்டா. காதுக்கு மாட்டக் கொடுத்ததில் பஞ்சு கிழிந்திருந்தது. மதியச் சாப்பாட்டில் சைவத்துக்கு வெறும் ரொட்டியும் வெண்ணெயும். நல்லவேளை, நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் பாஸ். மூன்று மணி வரை ட்ரிகரிலிருந்து விரலை எடுக்கவே தெரியாத ஒரு பையனும் பாஸ். காகிதத்தில் இனி அவன் தகுதி பெற்றவன்.

எங்கள் தொழிலில் பையன் ஒருவன் சேர்ந்தால் ஒரு வருடம் தங்கத்தைத் தொடவிட மாட்டோம். பித்தளையில்தான் பற்றவைத்துப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஒரு நாள் கூத்து ஒட்டவில்லை. கிளம்பும்போது அங்கிருந்த வயதான பயிற்சியாளர், முன்னாள் போலீஸ்காரர், “அங்கிள், வீட்டுக்கான வகுப்பு ஒன்று தனியாக இருக்கிறது, இரண்டு சனிக்கிழமை, கட்டாயமில்லை, வந்து பாருங்கள்” என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஆனாலும் டர்பனில் இந்தியக்காரன் என்றால் அங்கிள்தான்.

2,400 ராண்ட் கட்டினேன். இந்த விமர்சனமே அந்த வகுப்புக்காகத்தான்.

முதல் சனிக்கிழமை. ஆறே பேர். அவரே மேகசினை நிரப்பித் தருகிறார். நடுவே எங்கேயோ வெடிக்காத போலித் தோட்டா கலந்திருக்கும், எது என்று நமக்குத் தெரியாது. சுடுகிறோம், சுடுகிறோம், நாலாவதில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். அப்போது பார்க்க வேண்டும், குழாய் முனை தானாகவே கீழே குனிகிறது. வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை முன்கூட்டியே இழுத்துவிடுகிறது. நுண்ணிய வேலை செய்கிற கை, நடுங்காது என்று மார்தட்டியிருந்தேன். நான்கு தடவையும் குனிந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மாவுக்கு இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் நீல பிளாஸ்டிக் துப்பாக்கியை என் இடுப்பில் செருகிவிட்டு, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று தள்ளிப்போய் நின்றார். கையில் ரப்பர் கத்தி. “நான் அசைந்ததும் எடு.” நான் எடுத்து நீட்டுவதற்குள் கத்தி என் சட்டைப் பொத்தானில். கணக்கு அப்புறம் சொன்னார். சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதியது: 21 அடி தூரத்தை ஓர் ஆள் ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான். வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து சமையலறைக் கதவு வரை ஐந்தரை மீட்டர். அதாவது 18 அடி.

வீட்டுப்பாடமும் கொடுத்தார். துப்பாக்கி உடம்பில் இல்லாத நேரத்தில் சேஃபில் பூட்டியிருக்க வேண்டும், சட்டம் அப்படி. ஆகவே ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்து, மனைவி கை தட்டியதும் எழுந்து, சேஃபைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். துப்பாக்கிக்குப் பதில் பட்டறைக் குறடு ஒன்றை உள்ளே வைத்தேன். 41 வினாடி. சாவி ஒரு தடவை கட்டிலுக்கடியில் விழுந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் கைபேசியில் நேரத்தை நிறுத்தவே மறந்துவிட்டாள், ஆகவே இரண்டு மூன்று வினாடி முன்பின் இருக்கலாம்.

இரண்டாவது சனிக்கிழமை பெரும்பாலும் பேச்சு. ஒவ்வொருவரும் வீட்டின் படம் வரைந்துகொண்டு போக வேண்டும். என் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இந்த ரூமில் யார்?” என் மாமியார், 78 வயது. “ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போவார்?” இரண்டு தடவை. “உங்கள் சுவரின் அந்தப் பக்கம்?” பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். சாட்ஸ்வொர்த்தின் பழைய கவுன்சில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, தெரிந்ததுதானே. அவர் பேனாவால் என் படுக்கையிலிருந்து நாலு கோடு இழுத்தார். மூன்று கோடு வேண்டியவர்கள் மீது போய் நின்றது.

செயற்கைக் கால்களோடு ஓடிய ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கதையையும் அங்கேதான் சரியாகப் புரிந்துகொண்டேன். 2013 பிப்ரவரி 14, பிரிட்டோரியாவில் தன் வீட்டில் பூட்டிய கழிப்பறைக் கதவு வழியாக நாலு குண்டு சுட்டார். உள்ளே இருந்து செத்தது அவருடைய காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். திருடன் என்று நினைத்தேன் என்றார் பிஸ்டோரியஸ். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றது. எப்போது சுடலாம், எப்போது கூடாது என்ற கேள்விகளுக்கு அவர் லைசென்ஸுக்காகச் சரியான பதில் எழுதியிருந்தார் என்பது விசாரணையில் வந்த விஷயம். என் முதல் நாள் தேர்வு போலத்தான். எனக்கும் அதில் நல்ல மார்க்.

வகுப்பில் ஒருவர் விடவில்லை. “2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளைச் சூறையாடியபோது போலீஸ் வந்தார்களா? துப்பாக்கி இருந்தவன்தானே தெருவைக் காத்தான்?” நியாயமான கேள்வி. நானே தெருமுனையில் கிரிக்கெட் மட்டையோடு ராத்திரி முழுக்க நின்றவன். அந்த வருடம் மே மாதம்தான் தற்காப்பு என்ற காரணத்தையே எடுத்துவிடலாம் என்று அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டிருந்தது. ஜூலைக்குப் பிறகு இங்கே யாரிடம் அதைப் பேச முடியும்? பயிற்சியாளர் மறுக்கவில்லை. டர்பனின் இன்னோர் இந்தியர் பகுதியான பீனிக்ஸில் அந்தக் கலவரத்தின்போது 36 பேர், பெரும்பாலும் கறுப்பர்கள், இறந்ததை மட்டும் ஞாபகப்படுத்தினார். பேசியவர் வாயை மூடிக்கொண்டார், நானும்தான்.

அவர் துப்பாக்கி வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். வரிசைதான் சொன்னார். முதலில் அவர்கள் உள்ளே வர நேரமாக வேண்டும், அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே அறையில் சேர வேண்டும், அலாரம் கம்பெனிப் பொத்தான், போலீஸ் அவசர எண் 10111, டார்ச். அந்த அறைக் கதவையும் தாண்டி வந்தால்தான் துப்பாக்கி. இந்த வரிசையில் போனால் சேஃபைத் திறக்க எனக்கு அந்த 41 வினாடி கிடைக்கும், ஆனால் அப்போது உள்ளே குறடு இருந்தால் போதாது.

அதனால் பிஸ்டலுக்கு ஒதுக்கிய பணத்தில் 9,000 ராண்ட் எடுத்து, படுக்கையறைகளுக்குப் போகிற நடையில் மடக்கு கிரில் கதவு போட்டேன். தகுதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட்டேன், அது எப்போது வருமோ. ரேஞ்சுக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். முனை இன்னும் லேசாகக் குனிகிறது.

முதல் வகுப்புக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வீட்டு வகுப்புக்கு நாலரை. அரை குறைத்தது, இரண்டு சனிக்கிழமையும் மனைவியை உடன் அழைத்துவரச் சொல்லாததற்கு. சொல்ல வேண்டியதைப் பாதிதான் நான் வீட்டில் வந்து சொன்னேன்.

மாமியாரிடம் முழுவதும் சொன்னது தப்பாகிவிட்டது. வீட்டில் துப்பாக்கியே இன்னும் வரவில்லை, ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நடையில் சத்தமாகக் குரல் வருகிறது: “நாந்தான் தம்பி, சுட்டுப்புடாதே!”