குளிரூட்டாத கிடங்குக்கு எந்தப் பலகை? ஜெட்சன் ஓரின் நானோவும் ராஸ்பெரி பை 5-உம்

ஜூரோங் வட்டாரக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்கும் தளத்தைக் கடக்கும் தள்ளுவண்டிகளை எண்ணும் கேமராக் கருவியை அமைக்கும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தபோது, படங்களை வெளியே அனுப்பாமல் கருவியிலேயே அலசிவிட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. ஊழியர்களின் முகங்கள் படத்தில் விழும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ள சிங்கப்பூரில் எண்ணிக்கை மட்டும் வெளியே செல்வதே அனைவருக்கும் நல்லது. ஆனால் அதற்கு எந்தப் பலகை, அதாவது ஒரே பலகையில் அடங்கும் எந்தச் சிறு கணினி, என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நானோவா ராஸ்பெரி பை 5-ஆ என்பதில்தான் விவாதம் நீண்டது. முடிவில் ராஸ்பெரி பை 5-இன்மீது 13 டாப்ஸ் (நொடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள ஹைலோ-8எல் முடுக்கியை, அதாவது படங்களை அலசும் கணக்குகளை விரைவாகச் செய்யும் துணைச் சில்லைப் பொருத்தினோம். என் சாய்வு இன்றும் அந்தப் பக்கமே.

வேகத்தில் ஜெட்சனுக்கே வெற்றி. என்விடியா 2024 டிசம்பரில் ஓரின் நானோ சூப்பர் மேம்பாட்டுத் தொகுப்பின் விலையை 249 அமெரிக்க டாலராகக் குறைத்து, திறனை 67 டாப்ஸ் என அறிவித்தது. ஆனால் அந்த எண், படத்தில் வண்டிகளை அடையாளம் காணப் பயிற்றுவித்த மாடலில் பாதி எடைகள் (பயிற்சியில் அது கற்ற எண்கள்) சுழியமாக இருக்கும்போது கிடைப்பது. சாதாரண மாடலுக்கு அதில் ஏறத்தாழ பாதியையே கணக்கில் கொள்ள வேண்டும். பை 5-இன் 8 ஜிபி வகை 80 டாலருக்கும், ஹைலோ பலகை 70 டாலருக்கும் அறிமுகமாயின. விலைகள் அதன்பின் மாறியிருப்பதால், வாங்குமுன் சிம் லிம் டவர் கடைகளில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு கேமராவில் வண்டிகளை எண்ண இரண்டுமே தாராளமாகப் போதும்.

மின்சாரச் செலவைவிட வெப்பமே இங்கு பொருட்படுத்த வேண்டியது. தளத்தில் குளிரூட்டி கிடையாது. தூசிக்கு அஞ்சி மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று, வெளியில் 32 பாகை எனில் அதைவிடச் சூடாகவே இருக்கும். ஜெட்சன் 7 முதல் 25 வாட் வரையிலான நிலைகளில் ஓடுகிறது. விளம்பரத்தில் காணும் வேகம் 25 வாட் நிலைக்கு உரியது. பை 5 சும்மா இருக்கையில் ஏறத்தாழ 3 வாட்தான் எடுக்கிறது, ஹைலோ சில்லும் சில வாட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. 80 பாகையைத் தொட்டதும் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், விசிறியுடன் கூடிய குளிர்விப்பானைக் கட்டாயம் பொருத்த வேண்டும்.

எனினும் எங்களைத் தீர்மானிக்க வைத்தது வெப்பமோ விலையோ அல்ல, பராமரிப்பு. சுவரில் ஏறிய கருவியை எவரும் இரண்டு ஆண்டில் கழற்றுவதில்லை. ஆகவே வாங்கும் நாளில் பலகை எவ்வளவு வேகம் என்பதைவிட, நான்காம் ஆண்டிலும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 2019-இல் வெளிவந்த முதல் ஜெட்சன் நானோவை நினைத்துப் பாருங்கள். அதற்கான அதிகாரபூர்வ மென்பொருள் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்துடன் நின்றுவிட்டது, என்விடியாவின் அடுத்த மென்பொருள் தொகுப்பான ஜெட்பேக் 5 அந்தப் பலகையை ஏற்கவில்லை, உபுண்டு 18.04-இன் வழக்கமான ஆதரவு 2023-இல் முடிந்தது. பலகை நன்றாக ஓடிக்கொண்டிருக்க, மென்பொருள் மட்டும் பழையதாகிப்போனது. அதற்கு மாறாக, 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பையிலும்கூட 2023-இல் வெளியான இயங்குதளத்தின் 32-பிட் பதிப்பை நிறுவ முடிந்தது. பை 5-ஐக் குறைந்தது 2036 ஜனவரி வரை உற்பத்தி செய்வதாகவும் ராஸ்பெரி பை நிறுவனம் அறிவித்திருக்கிறது. மேலும், ஜெட்சனின் மேம்பாட்டுத் தொகுப்பு சோதனைக் கூடத்துக்கு உரியதே தவிர, களத்தில் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு அன்று என்று என்விடியாவே கூறுகிறது. களத்துக்குச் செயலியும் நினைவகமும் உள்ள தனி மாட்யூலும், அதைச் செருகும் தாங்கு பலகையும் வாங்க வேண்டும்.

ஓரின் நானோவுக்கும் அதே கதி நேரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெட்பேக் 6 அதனை உபுண்டு 22.04-க்குக் கொண்டுவந்துவிட்டது. ஹைலோவின் பக்கத்திலும் சுமை உண்டு. ஜெட்சனில், பைடார்ச் என்ற மென்பொருளில் உருவாக்கிய மாடலை ஏறக்குறைய அப்படியே ஓட்டிப் பார்த்து, பின்னர் அந்தப் பலகையிலேயே என்விடியா சில்லில் வேகமாக ஓடும் டென்சர்ஆர்டி வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹைலோவுக்கோ, மாற்றும் மென்பொருள் பையில் ஓடாது. இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியுள்ள லினக்ஸ் கணினி ஒன்று தேவை. அங்கு மாடலை 8 பிட் எண்களுக்குச் சுருக்கும்போது எண்களின் வரம்பைக் கணிக்க உதவும் மாதிரிப் படங்களைக் கொடுக்க வேண்டும், அவை அந்தத் தளத்திலேயே எடுத்தவையாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சப் படங்களை மட்டும் கொடுத்தால் மாலை விளக்கொளியில் எண்ணிக்கை பிசகும். மாடலை மறுபடி பயிற்றுவிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாதை முழுவதையும் நடந்தாக வேண்டும். இருந்தும் அது மேசையில் அமர்ந்து செய்யும் வேலை. ஏணி போட்டுப் பெட்டியைக் கழற்றும் வேலை அன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4 டாப்ஸ் திறனை 2 வாட்டில் தரும் கூகளின் கோரல் முடுக்கி ஒரு காலத்தில் அருமையான தெரிவு; அதன் பைத்தான் நூலகம் 3.9-ஐத் தாண்டாததால் புதிய பணிக்கு அதனைப் பரிந்துரைக்க மாட்டேன். ராக்சிப் ஆர்கே3588எஸ் சில்லுள்ள ஆரஞ்சு பை 5 போன்றவை 6 டாப்ஸ் முடுக்கியைப் பலகையிலேயே தருகின்றன, விலைக்கு நல்ல வலுவும் உண்டு. ஆனால் அவற்றை நான் மேசையில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். மாதக்கணக்கில் களத்தில் விட்டுப் பார்த்தவரின் சொல்லுக்கே அங்கு மதிப்பு அதிகம்.

பை வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் மின்னேற்றி இல்லாவிட்டால் யுஎஸ்பி துறைகளுக்குச் செல்லும் மின்சாரம் குறைக்கப்படும். கைப்பேசி மின்னேற்றிகள் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. பையில் வேகமான துணைக்கருவிகளுக்கென இருக்கும் ஒரே பிசிஐஇ இணைப்பையும் ஹைலோ பலகை பிடித்துக்கொள்வதால், வேகமான சேமிப்பகத்துக்கு இடமிருக்காது. பல கேமராக்களை ஒன்றாக அலசுவோரும், சிறிய மொழி மாடல்களை ஓட்ட விரும்புவோரும் இவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை; 8 ஜிபி நினைவகத்தை நொடிக்கு 102 ஜிபி வேகத்தில் படிக்கும் ஜெட்சனையே அவர்கள் வாங்கி, 15 வாட் நிலையில் ஓட்டிப் பார்க்கலாம்.