ஓப்பன்ஏட்2 மதிப்பீடு: திறந்த கோப்பை மறுபடி திறக்க இது போதுமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலைக் கொள்முதல் மென்பொருள் எழுதுவோர் லினக்ஸில் கவனிக்க வேண்டிய இடம் ஓப்பன்ஏட்2. கோப்பைத் திறந்து தரும்படி கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரல் கேட்கும் அழைப்பு இது. பச்சை இலை எடையை ஒரு நிரல் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதே கோப்பைப் படித்து விவசாயி வாரியாகக் கூட்டுவது இன்னொரு நிரல். ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) 'டூப்' செய்து, அதாவது நகலெடுத்துக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே ஆஃப்செட் (கோப்பில் இப்போது நிற்கும் இடம்). படிக்கிற நிரல் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்ந்தால், ஓ_அப்பெண்ட் கொடி (எப்போதும் கோப்பின் முடிவில் எழுதவைக்கும் திறப்பு அமைப்பு) இல்லாமல் எழுதும் நிரல் காலை எடைகளின் மேலேயே எழுதிவிடும். திறந்த கோப்பின் கொடிகளை மாற்றும் எஃப்_செட்எஃப்எல் கட்டளையைக் கொடுத்து வாசிப்பு, எழுத்து முறையை மாற்றவும் வழியில்லை.

இதற்கு மாற்று, /பிராக்/செல்ஃப்/எஃப்டி/ அடைவில் (நிரல் திறந்து வைத்த கோப்புகளைக் கர்னல் எண் வாரியாகக் காட்டும் இடம்) அந்த டிஸ்கிரிப்டர் எண்ணைத் திறப்பது. புது ஆஃப்செட், புது கொடிகள் கிடைக்கும். பெயர் நீக்கப்பட்ட கோப்பும் திறக்கும். ஆனால் சாக்கெட் (நிரல்களுக்கிடையேயான தொடர்பு முனை) திறக்காது, ஈஎன்எக்ஸ்ஐஓ பிழை வரும். பழைய பதிவுக் கோப்புகளை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் கருவி பெயரை மாற்றிய பிறகு இப்படித் திறந்தால் பழைய கோப்புதான் கிடைக்கும். அங்கே பெயரைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.

ஓப்பன்ஏட்2 2020-இல் லினக்ஸ் 5.6-உடன் வந்தது. அலெக்சா சராய் எழுதியது. கொடிகள், மோட் (புதுக் கோப்பின் அனுமதி), ரிசால்வ் (பாதையைப் பின்தொடரும் விதி) என மூன்று 64 பிட் புலங்கள், மொத்தம் 24 பைட். அளவையும் சேர்த்தே அனுப்புவதால் பின்னால் புலம் கூட்டலாம். பழைய கர்னல் தனக்குத் தெரியாத புலத்தில் சுழியல்லாத மதிப்பைக் கண்டால் ஈ2பிக் என்ற பிழை சொல்லும். தெரியாத கொடிக்கு ஈஇன்வால் பிழை. பழைய ஓப்பன்ஏட் இதையெல்லாம் பேசாமல் விழுங்கிவிடும். நம்பி எழுதியவருக்குக் கொடி வேலை செய்ததா என்றே தெரியாது. இந்த ஒரு கண்டிப்புக்காகவே இதைத் தாராளமாகப் பாராட்டலாம். ரிசால்வ்_பினீத் போட்டால் அடைவை விட்டு வெளியே போகும் பாதைக்கு ஈஎக்ஸ்டெவ் பிழை. இடையில் யாராவது பெயர் மாற்றினால் ஈஅகெய்ன் வரலாம், திரும்ப அழைக்க வேண்டும்.

மறுதிறப்பில்தான் பெரிய குறை. வெற்றுப் பாதை கொடுத்து டிஸ்கிரிப்டரையே நேராகத் திறக்கும் ஓ_எம்ப்டிபாத் ஆரம்ப வரைவுகளில் இருந்தது, 5.6-இல் சேரவில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இதே வேலைக்கு ஓ_எம்ப்டி_பாத் இருக்கிறது. லினக்ஸில் பிராக் ஏற்றாத க்ரூட்டுக்குள் (ஒரு அடைவையே முழு அமைப்பாகக் காட்டி நிரலை அடைத்துவைக்கும் இடம்) அந்தப் பிராக் வழியும் அடைபட்டுவிடும்.

அதைவிட முக்கியம் உரிமை. வாசிக்க மட்டும் திறந்து கொடுத்த டிஸ்கிரிப்டரை, வாங்கிய நிரல் எழுதுவதற்காக மறுபடி திறக்கலாம். கர்னல் அப்போது பார்ப்பது ஐநோடின் (கோப்பின் உரிமை, அனுமதி விவரங்களை வைத்திருக்கும் பதிவு) அனுமதியை, நீங்கள் கொடுத்த முறையை அல்ல. 2019-இல் கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டை (சிவிஇ-2019-5736) இந்த வழியில் வந்ததுதான். எந்த முறையில் மறுதிறக்கலாம் என்று வரம்பிடும் அப்கிரேட்_மாஸ்க் புலமும் அதே வரைவுகளில் இருந்து கழன்றுபோனது. வெற்றுப் பாதையை மட்டும் சேர்த்து இந்த வரம்பை விட்டால் பாதி வேலைதான் ஆகும். இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

அதுவரை கூட்டுத்தொகை நிரலுக்குத் தனிப் பயனர் கணக்கு வையுங்கள். அந்தக் கணக்குக்குக் கோப்பில் எழுத அனுமதி வேண்டாம். ரூட்டாகவே (எல்லா உரிமையும் உள்ள கணக்கில்) ஓட வேண்டியிருந்தால், வாசிப்புக்கு மட்டும் பைண்ட் மவுண்ட் செய்த (அதே அடைவை இன்னொரு இடத்திலும் ஏற்றிய) பாதையில் கோப்பைத் திறந்து அந்த டிஸ்கிரிப்டரைக் கொடுங்கள். எழுதுவதற்காக மறுதிறக்க முயன்றால் ஈரோஃப்எஸ் பிழை வந்து நிற்கும்.